ஹௌசாவின் முன்னிடைச் சொற்கள்: எந்த வரிசையில் கற்பது, எங்கே தவறுகிறோம்

வட நைஜீரியாவின் கானோ நகரில் வேலைக்கு வந்து, அங்கே பேசப்படும் ஹௌசா மொழியைக் கற்கும் நம்மவர்கள் பெயர்ச்சொற்களைச் சீக்கிரம் பிடித்துவிடுகிறார்கள். வினையும் ஓரளவு கைக்கு வந்துவிடுகிறது. அவர்கள் மாதக்கணக்கில் தடுமாறுவது ஓரெழுத்து, ஈரெழுத்துச் சொற்களில்தான்: அ, ட, டக, க, வ. தமிழில் பெயருக்குப் பின்னால் ஒட்டும் வேற்றுமை உருபின் வேலையை ஹௌசாவில் பெயருக்கு முன்னால் நிற்கும் இந்தச் சொற்கள் செய்கின்றன. இடம் மாறுவது மட்டுமே என்றால் ஒரு வாரத்தில் பழகிவிடலாம். தமிழின் ஓர் உருபு ஹௌசாவில் நான்கைந்து வழிகளாகப் பிரிந்துபோவதுதான் உண்மையான சிக்கல்.

கீழே உள்ள வரிசை நான் பலருக்குச் சொல்லிக்கொடுத்துப் பார்த்து மாற்றி மாற்றி அமைத்தது. படிகளை இடம் மாற்றாமல் செல்லுங்கள். முந்தைய படி கைவராமல் அடுத்ததற்குப் போனால் பிழைகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். எது எங்கிருந்து வந்தது என்று பிரித்தெடுக்க முடியாது.

1. தொடங்கும் முன் தேவையானவை

ஐம்பது பெயர்ச்சொற்கள், பத்து வினைகள், "நான் செய்தேன், அவன் செய்தான்" என்ற முடிந்த கால வடிவம், "இனா, யனா, தனா" என்ற தொடர்நிலை வடிவம். இவ்வளவு தெரிந்தால் போதும். இவை தெரியாமல் முன்னிடைச் சொற்களைப் பட்டியலாக மனப்பாடம் செய்வது வீண் உழைப்பு. அவை தனித்து நின்றால் பொருள் தருவதில்லை.

ஒலியைப் பற்றியும் ஒரு சொல். ஹௌசாவை இன்று பெரும்பாலும் போக்கோ எனப்படும் ரோமன் எழுத்தில் எழுதுகிறார்கள். இங்கே தமிழ் எழுத்தில் தருவதால் சில ஏற்பாடுகள் தேவை. "ட" என்று இருந்தால் "வண்டி"யின் ட. "த" என்று இருந்தால் "தலை"யின் த, அது எங்கு வந்தாலும் வல்லொலிதான். ஹௌசாவில் "பல்" என்பதில் உள்ள ப கிடையாது. எனவே ப எல்லாம் "அம்பு"வின் ப. "ச" என்பது "பச்சை"யின் ச. "ஃஸ" என்பது ஆங்கில z. சொல்லின் நடுவே தனிக் ககரம் மென்மையாகவும் இரட்டைக் ககரம் வன்மையாகவும் ஒலிக்கும். சொல் முதலில் வரும் ககரம் வன்மை. ஆனால் க என்ற முன்னிடைச் சொல், கரே, கபா, கபன், கபனின், கேஃபெ, கேஃபென், கமெ, கிடா, கிடன், கோபெ ஆகியவற்றில் மட்டும் "தங்கம்" என்பதன் க.

உங்கள் நோட்டில் மட்டும் போக்கோவிலேயே எழுதுங்கள். கொக்கி போட்ட மூன்று எழுத்துகளை முதல் நாளிலிருந்தே கொக்கியோடு எழுதிப் பழகுங்கள். அவை வேறு ஒலிகள். தமிழ் எழுத்தில் அந்த வேறுபாடு மறைந்துபோகும்.

2. தமிழ் உருபை மொழிபெயர்ப்பதை நிறுத்துங்கள்

நம்முடைய "கு" எத்தனை வேலை செய்கிறது என்று பாருங்கள். சந்தைக்குப் போனேன். மூஸாவுக்குச் சொன்னேன். எனக்கு ஒரு கார் இருக்கிறது. எட்டு மணிக்கு வா. ஹௌசாவில் முதல் வாக்கியத்துக்கு எந்தச் சொல்லும் வேண்டாம். இரண்டாவதற்கு "வ". மூன்றாவதற்கும் நான்காவதற்கும் "ட".

ஆகவே "கு என்பதற்கு ஹௌசாவில் என்ன?" என்று கேட்காதீர்கள். அதற்குப் பதிலே இல்லை. வாக்கியம் அமைக்கும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். சொல்லப்படுவது இடமா, ஆளா, நேரமா? இடம் என்றால் அங்கே போகிறோமா, இருக்கிறோமா, அங்கிருந்து வருகிறோமா? அடுத்து வருவது பெயரா, "அவன், நீ" போன்ற பிரதிப்பெயரா? பின்வரும் படிகள் எல்லாம் இந்த மூன்று கேள்விகளின் விரிவுதான்.

3. ஒன்றும் சேர்க்காத இடங்களை முதலில் கற்றுக்கொள்ளுங்கள்

இதை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. "அ" என்ற சொல்லைக் கற்றவுடன் எல்லாரும் அதை எங்கும் தூவிவிடுகிறார்கள். எங்கே போடக்கூடாது என்பது முதலில் மனத்தில் பதிந்துவிட்டால் அந்தப் பழக்கம் வராது.

போதல், வருதல், நுழைதல், திரும்புதல், சேர்தல் ஆகிய வினைகளுக்குப் பின் இடப்பெயர் நேரடியாக வரும்.

நா ஜே காஸுவா: சந்தைக்குப் போனேன்.
தா ஷிகா டாக்கி: அவள் அறைக்குள் நுழைந்தாள்.
யா கோமா கிடா: அவன் வீட்டுக்குத் திரும்பிப் போனான்.

"நா ஜே அ காஸுவா" என்பது பிழை. புதியவர்கள் செய்யும் பிழைகளில் இதையே நான் மிகுதியாகத் திருத்தியிருக்கிறேன். வினைக்குள்ளேயே திசை இருக்கிறது. மறுபடி சொல்லத் தேவையில்லை.

தொடர்நிலைச் சொல்லுக்குப் பின்னும் அப்படித்தான். "தனா கிடா" என்றால் அவள் வீட்டில் இருக்கிறாள். "யனா கானோ" என்றால் அவன் கானோவில் இருக்கிறான். இங்கே "அ" சேர்த்துச் சொல்பவர்களும் உண்டு. ஆனால் சேர்க்காத வடிவமே வழக்கம், அதையே பழகுங்கள்.

ஒன்றைக் காதால் கவனிக்க வேண்டும். "இனா காஸுவா" என்பதை ஒரு தொனியில் சொன்னால் "நான் சந்தையில் இருக்கிறேன்", வேறு தொனியில் சொன்னால் "சந்தை எங்கே?" எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். "நான் இருக்கிறேன்" என்பதில் குரல் "இ"யில் உயர்ந்து "னா"வில் இறங்கும். "எங்கே" என்பதில் தாழ்வாகத் தொடங்கி உயரும். தாய்மொழியாளர் ஒருவரைப் பத்து முறை சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

4. "அ": செயல் நடக்கும் இடம்

ஒரு செயல் ஓரிடத்தில் நடந்தது என்று சொல்ல "அ" வேண்டும்.

நா ஸயி கீஃபி அ காஸுவா: சந்தையில் மீன் வாங்கினேன்.

வாங்குதல் திசையைக் காட்டும் வினை அல்ல. ஆகவே இடத்தை இணைக்க ஒரு சொல் தேவைப்படுகிறது. போதல் வினைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இவ்வளவே.

"அ கிடா" என்றால் வீட்டில். "அ சிக்கின் கிடா" என்றால் வீட்டுக்குள்ளே, சுவர்களுக்கு உட்பட்ட இடத்தில். தமிழில் "வீட்டில்" என்று இரண்டுக்கும் சொல்லிவிடுகிறோம். "எங்கே இருக்கிறாய்?" என்ற கேள்விக்கு "வீட்டில்" என்பதே பதிலானால் "சிக்கின்" சேர்க்காதீர்கள்.

5. "டக", "ஃஸுவ": இருந்து, வரை

"டக" என்றால் இருந்து. "நா டவோ டக காஸுவா": சந்தையிலிருந்து திரும்பினேன். "தா ஃபித்தோ டக டாக்கி": அவள் அறையிலிருந்து வெளியே வந்தாள். போவதற்கு ஒன்றும் வேண்டாம் என்றாலும் வருவதற்கு "டக" கட்டாயம். விட்டுவிட்டால் கேட்பவர் திசையைத் தலைகீழாகப் புரிந்துகொள்வார்.

"ஃஸுவ" பெரும்பாலும் "டக"வுக்கு இணையாக வரும். டக கானோ ஃஸுவ கடுனா: கானோவிலிருந்து கடுனா வரை. நேரத்துக்கும் இதே அமைப்பு: டக லித்தினின் ஃஸுவ ஜுமாஆ, திங்கள் முதல் வெள்ளி வரை.

"டக"வோடு "அ" சேராது. மேசை மேலிருந்து எடுத்தேன் என்று சொல்ல "டக கன் தேபுர்" என்பது சரி. "டக அ கன் தேபுர்" பிழை. ஓர் இடத்துக்கு ஒரு திசைச் சொல் போதும்.

இங்கே ஒரு நாள் நின்று, சந்தையை மட்டும் வைத்து நான்கு வாக்கியங்களைச் சொல்லிப் பழகுங்கள்: நா ஜே காஸுவா, இனா காஸுவா, நா ஸயி கீஃபி அ காஸுவா, நா டவோ டக காஸுவா. பிறகு சந்தையை எடுத்துவிட்டு வீடு, பள்ளி, கானோ என்று மாற்றுங்கள். இந்த நான்கும் யோசிக்காமல் வரும்வரை ஆறாம் படிக்குப் போக வேண்டாம்.

6. உடலுறுப்பிலிருந்து பிறந்த இடச்சொற்கள்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. தமிழருக்கு இது எளிதாகவே இருக்க வேண்டும். கண், கால், தலை, வாய் என்ற உறுப்புப் பெயர்களை நம் இலக்கணமே ஏழாம் வேற்றுமை உருபுகளாகச் சொல்கிறது. ஹௌசாவும் அதே வழியில் உடலை எடுத்து இடமாக்கியிருக்கிறது.

கை (தலை) → கன்: மேல்
சிக்கி (வயிறு) → சிக்கின்: உள்ளே
பாயா (முதுகு) → பாயன்: பின்னால்
கபா (மார்பு, உடலின் முன்புறம்) → கபன்: முன்னால்
பாக்கி (வாய்) → பாக்கின்: ஓரம், விளிம்பு
ஹன்னு (கை) → ஹன்னுன்: ஒருவர் கையில், பொறுப்பில்
ஜிக்கி (உடல்) → ஜிக்கின்: ஒட்டி, பரப்பின்மீது

முதல் வரியில் கவனம் வேண்டும். ஹௌசாவில் "கை" என்றால் தலை. நம் கைக்கு அங்கே "ஹன்னு".

ஈற்றில் வரும் "ன்" என்பது "உடைய" என்ற உறவைக் காட்டுகிறது. ஆனால் வரிசை நமக்கு நேர் எதிர். நாம் "மேசையின் மேல்" என்கிறோம். அவர்கள் "தலை-உடைய மேசை" என்பதுபோல "கன் தேபுர்" என்கிறார்கள். இந்த "ன்"னை விட்டுவிட்டு "கை தேபுர்" என்றால் இரண்டு பெயர்கள் தொடர்பில்லாமல் கிடக்கும். இதை இலக்கண நுணுக்கம் என்று தள்ளிவிடாதீர்கள். இந்த ஓர் எழுத்துதான் பெயரை இடச்சொல்லாக்குகிறது.

பெண்பாற் சொல்லாக இருந்து "ஆ"வில் முடிந்தால் "ன்"னுக்குப் பதில் "ர்". நடு என்று பொருள்படும் த்ஸக்கியா பெண்பால்; எனவே "த்ஸக்கியர் காஸுவா" என்றால் சந்தையின் நடுவே. இதே காரணத்தால் "கஸா" என்ற சொல் இரண்டாகப் பிரிகிறது: "கஸர்" என்றால் இன்னாருடைய நாடு, "கஸன்" என்றால் கீழே. ஓர் எழுத்து மாறினால் பொருளே வேறு.

உறுப்பு அல்லாத சொற்களும் இதே அச்சில் வருகின்றன. கேஃபெ (பக்கம்) → கேஃபென். கர்க்கஷி (அடிப்பகுதி) → கர்க்கஷின். த்ஸக்கானி (இடைவெளி) → த்ஸக்கானின். கடைசிச் சொல் "ட"வைத் துணைக்கு அழைக்கும்: "ஃஸாரியா தனா த்ஸக்கானின் கானோ ட கடுனா", ஃஸாரியா நகரம் கானோவுக்கும் கடுனாவுக்கும் இடையே இருக்கிறது.

இனி "அ" எப்போது? நான்காம் படியில் சொன்னதே. "லித்தாஃபி யனா கன் தேபுர்", புத்தகம் மேசைமேல் இருக்கிறது: "யனா" இருப்பதால் "அ" வேண்டாம். "நா ஸா லித்தாஃபி அ கன் தேபுர்", புத்தகத்தை மேசைமேல் வைத்தேன்: வைத்தல் என்ற செயல் நடப்பதால் "அ" வேண்டும். எழுதும்போது "அ"வையும் "கன்"னையும் பிரித்தெழுதுவதே திட்டமான முறை. சேர்த்தெழுதுபவர்கள் பலர் உண்டு, நீங்கள் பிரித்தே எழுதுங்கள். "அ கன்" என்பதற்கு "அதைப் பற்றி" என்ற பொருளும் உண்டு என்பதைச் செய்தி கேட்கும்போது நினைவில் வையுங்கள்.

மூன்று இடங்களில் தமிழ் நம்மை ஏமாற்றும்.

சுவரில் கடிகாரம் மாட்டியிருக்கிறது என்று சொல்ல "கன்" வராது. கடிகாரம் சுவரின் தலைமேல் உட்கார்ந்திருக்கவில்லை, உடம்பில் ஒட்டியிருக்கிறது: "அகோகோ யனா ஜிக்கின் பங்கோ".

ஆற்றங்கரை "பாக்கின் கோகி", ஆற்றின் வாய். சாலையோரமும் "பாக்கின்" தான். "கேஃபென்" என்றாலும் பக்கம்தான்; ஆனால் நீருக்கும் சாலைக்கும் விளிம்பைச் சொல்ல "பாக்கின்" முந்திவரும்.

"பாயன் கிடா" என்பதை எழுத்துக்கு எழுத்து எடுத்தால் வீட்டின் பின்புறம். வழக்கில் அது கழிப்பறை. நம் ஊரில் "கொல்லைக்குப் போனார்" என்பதில் தோட்டமா பொருள்? அதே கதைதான். உண்மையாகவே வீட்டின் பின்னால் என்று சொல்ல வேண்டுமானால் யாருடைய வீடு என்று சேர்த்துவிடுங்கள்: "அ பாயன் கிடன் மூஸா", மூஸாவின் வீட்டுக்குப் பின்னால்.

7. ஆளிடம், ஆளுக்கு, ஆளிடமிருந்து

இடத்துக்கு நேராகப் போகலாம். ஆளிடம் நேராகப் போக முடியாது. "நா ஜே மூஸா" பிழை. "நா ஜே வுரின் மூஸா" என்று சொல்ல வேண்டும். "வுரி" என்றால் இடம். "மூஸாவின் இடத்துக்குப் போனேன்" என்பதே அதன் அமைப்பு. நம் "மூஸாவிடம்" என்ற சொல்லுக்குள்ளும் "இடம்" தான் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு மொழிகளும் ஆளை இடமாக்கியே அணுகுகின்றன. இந்த ஒப்புமையைச் சொன்ன பிறகு இந்தப் பிழையை யாரும் மறுபடி செய்து நான் பார்த்ததில்லை.

ஆனால் ஒப்புமை அங்கேயே நின்றுவிடுகிறது. தமிழின் "இடம்" மற்ற வேலைகளும் செய்யும். "வுரின்" எல்லாவற்றையும் செய்யாது.

மூஸாவிடம் சொன்னேன் என்பதற்கு "வ": "நா ஃபடா வ மூஸா". சொல்லுதல், காட்டுதல், கொண்டுவருதல், சமைத்துப்போடுதல் என்று பயன் ஓர் ஆளைச் சேரும் வினைகளுக்கெல்லாம் இதுவே. வரிசை மாறாது: வினை, வ, ஆள், பிறகு பொருள். "நா காவோ வ லாடி ருவா": லாடிக்குத் தண்ணீர் கொண்டுவந்தேன். தண்ணீரை முன்னால் வைத்து "நா காவோ ருவா வ லாடி" என்று சொல்லாதீர்கள். "வ" வினையை விட்டுப் பிரியாது. வட்டாரத்துக்கு ஏற்ப "ம" என்றும் இதைக் கேட்கலாம்.

கொடுத்தல் மட்டும் தனி. "நா பா மூஸா குடி": மூஸாவுக்குப் பணம் கொடுத்தேன். "பா" என்ற இந்த வினைக்கு "வ" வேண்டாம். "நா பை வ மூஸா குடி" என்ற வடிவமும் சரியே, அங்கே வினை "பை" என்று மாறியிருக்கிறது. தொடக்கத்தில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

சாவி மூஸாவிடம் இருக்கிறது என்பதற்கு "முக்குல்லி யனா ஹன்னுன் மூஸா". "வுரின்" என்றாலும் புரியும். மூஸாவிடமிருந்து வாங்கினேன் என்பதற்கு "டக வுரின் மூஸா" அல்லது "டக ஹன்னுன் மூஸா". ஆளுக்கு முன் "டக" மட்டும் நிற்பதில்லை, நடுவே ஓர் இடச்சொல் வேண்டும்.

கேடு நேரும்போதும் "வ" வரிசைதான் வரும். என் போனைத் திருடிவிட்டார்கள் என்பதற்கு "அன் ஸாச்சே மினி வயா", எனக்குத் திருடிவிட்டார்கள் என்பதுபோல. புதிதாக வந்த ஒருவர் போனைப் பறிகொடுத்துவிட்டு, "என்னிடமிருந்து" என்பதை அப்படியே பெயர்த்து "டக நி" என்று பதற்றத்தோடு சொன்னதை அருகில் இருந்து கேட்டேன். எதிரில் இருந்தவர் அடுத்து ஏதோ வரப்போகிறது என்று காத்துக்கொண்டே இருந்தார். "மினி" என்ற இரண்டு எழுத்து வந்திருந்தால் உடனே எழுந்து ஓடிவந்திருப்பார்.

"க" எப்போது? வினையோடு ஒட்டாமல், இன்னாருக்கு என்று பொதுவாகச் சொல்லும்போது. "அம்ஃபானி க யாரா": பிள்ளைகளுக்குப் பயன். வினைக்குப் பக்கத்தில் நிற்பது "வ", தள்ளி நிற்பது "க" என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாக வரும்.

8. பிரதிப்பெயர் வந்தால் எந்த அணி

பெயர் இருக்கும்வரை சரியாகப் பேசியவர்கள் "அவன்" என்று வந்தவுடன் தடுக்கி விழுவது இங்கேதான். ஹௌசாவில் நான்கு அணிகள் உண்டு. வரிசை எல்லாவற்றிலும் ஒன்றே: நான், நீ (ஆண்), நீ (பெண்), அவன், அவள், நாம், நீங்கள், அவர்கள்.

ட, தாரெ ட, குஸ ட, ஸபோட, கமர் (பொருள் ஒன்பதாம், பதினோராம் படிகளில்) ஆகியவற்றுக்குப் பின்: நி, கை, கே, ஷி, இத்த, மு, கு, ஸு.

"க" என்பது "கரே" ஆகி: கரே நி, கரே க, கரே கி, கரே ஷி, கரே த, கரே மு, கரே கு, கரே ஸு.

ஆறாம் படியின் இடச்சொற்களோடு ஒட்டி: பாயானா, பாயன்க்க, பாயன்க்கி, பாயன்ஸ, பாயன்த, பாயன்மு, பாயன்க்கு, பாயன்ஸு. "எனக்குப் பின்னால்" என்பதில் மட்டும் இணைப்பு "ன்" மறைந்து "பாயானா" ஆகிவிடுகிறது. "வுரின்" என்பதும் இந்த அணிதான்: வுரின்ஸ, அவனிடம்.

"வ" மறைந்து அதன் இடத்தில்: மினி, மக்க, மிக்கி, மஸ, மத்த, மன, முக்கு, முஸு. "நா ஃபடா மஸ": அவனிடம் சொன்னேன். "வ மஸ" என்று இரண்டையும் சேர்ப்பது பிழை. "மஸ" என்பதே "வ"வின் வேலையையும் செய்துவிடுகிறது.

எந்த அணி என்று தேர்வதற்கு வழி: பெயரிலிருந்து பிறந்து "ன்" அல்லது "ர்" கொண்டதா? மூன்றாவது. "க"வா? இரண்டாவது. "வ"வா? நான்காவது. வேறெதுவானாலும் முதலாவது. "டக" மட்டும் ஆளோடு நேராகச் சேராது என்று பார்த்தோம்; "டக கரே ஷி" அல்லது "டக வுரின்ஸ" என்று சொல்லுங்கள்.

பெண்ணிடம் பேசும்போது "கி, கே, மிக்கி" என்று மாற வேண்டும். தமிழில் "நீ" என்பதற்குப் பால் வேறுபாடு இல்லாததால் நாம் ஆண் வடிவத்திலேயே நின்றுவிடுகிறோம். பெண்ணிடம் "மக்க" என்றால் காதுக்கு உடனே உறுத்தும்.

9. "ட": ஒரே எழுத்து, பல வேலை

"உடன், உம்" என்பது முதல் பொருள்: "ஷாயி ட மடரா", தேநீரும் பாலும். கருவி அடுத்தது: "யா யன்க்க நாமா ட வுக்கா", கத்தியால் இறைச்சி வெட்டினான். உடைமை மூன்றாவது: "இனா ட மோத்தா", எனக்கு ஒரு கார் இருக்கிறது, அதாவது நான் காருடன் இருக்கிறேன். "எனக்கு" என்பதைத் தேடி "மினி" போடாதீர்கள். இல்லை என்பதற்கு "பா நி ட மோத்தா".

பெயர்களை இணைக்கும் "ட" வாக்கியங்களை இணைக்காது. சந்தைக்குப் போய் மீன் வாங்கினேன் என்பதற்கு "நா ஜே காஸுவா, நா ஸயி கீஃபி" என்று அடுத்தடுத்து வைத்தால் போதும்.

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம் வினைக்குள் ஒளிந்திருக்கும் "ட". "நா ஸயி மோத்தா" என்றால் கார் வாங்கினேன். "நா ஸயர் ட மோத்தா" என்றால் கார் விற்றேன். இங்கே "ட"வுக்கு "உடன்" என்ற பொருள் இல்லை, அது வினையின் பகுதி. பிரதிப்பெயர் வந்தாலும் அது விலகாது: "நா ஸயர் ட இத்த", அதை விற்றுவிட்டேன். இப்படிப்பட்ட வினைகளை நோட்டில் "ஸயர் ட" என்று "ட"வுடன் சேர்த்தே எழுதிவையுங்கள். தனியாக எழுதினால் வாங்குவதும் விற்பதும் கலந்துபோகும்.

10. நேரம்

பொழுதுகளுக்கு "ட": ட ஸாஃபே (காலையில்), ட ரானா (பகலில்), ட யம்மா (மாலையில்), ட டரே (இரவில்). மணிக்கும் அதுவே: ட கர்ஃபே தக்வஸ், எட்டு மணிக்கு. "கர்ஃபே" என்றால் இரும்பு. மணிக்கணக்குக்கு அந்தச் சொல்லே நிற்கிறது. நாள், மாதம், ஆண்டு என்று பெயர் சொல்லும்போது "அ": அ ரானர் லித்தினின், திங்கட்கிழமையன்று. நேற்று, நாளை என்ற சொற்களுக்கு எதுவும் வேண்டாம்.

"முன்" என்ற நம் சொல் இடத்துக்கும் நேரத்துக்கும் பொது. ஹௌசாவில் "கபன்" இடத்துக்கு, நேரத்துக்கு "கஃபின்". தையற்காரரிடம் சட்டையைக் கொடுத்து "கபன் ஜுமாஆ" என்று சொன்ன ஒருவரைக் கண்டிருக்கிறேன். அவர் நினைத்தது வெள்ளிக்கு முன்பு. தையற்காரர் ஊசியை நிறுத்தி, சற்று யோசித்து, "கஃபின் ஜுமாஆ?" என்று மெல்லத் திருத்திக் கேட்டார். செய்திகளில் வரும் "கபனின்" என்ற வடிவமும் நேரத்துக்கு உரியது; "கபன்" என்பதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். "பாயன்" மட்டும் இரண்டுக்கும் பொருந்தும்: பாயன் குவானா பியு, இரண்டு நாள் கழித்து.

துன் (அன்றிலிருந்து), ஹர் (வரையில்), ஸை (வரை, தவிர) மூன்றும் எளியவை. "துன் ஜியா" என்றால் நேற்றிலிருந்து. விடைபெறும்போது சொல்லும் "ஸை கோபெ" என்பதே "நாளை வரை" என்பதுதான்.

11. மீதி உள்ளவை

இவற்றைத் தொடராகவே மனப்பாடம் செய்யுங்கள், விதி தேட வேண்டாம். குஸ ட: அருகில். நேஸ ட: தொலைவில். தாரெ ட: சேர்ந்து. கமெ ட: பற்றி. பன் ட: தவிர. டொன், டொமின்: பொருட்டு. ஸபோட: காரணமாக. கமர்: போல. மைமக்கொன்: பதிலாக.

ஒரே ஒரு எச்சரிக்கை: "குஸ ட" அருகில், "குஸன்" என்றால் ஏறத்தாழ. "குஸன் கானோ" என்று சொன்னால் கானோவுக்கு அருகில் என்று பொருள் வராது.

12. கேள்வியிலும் பெயரெச்சத்திலும்

கேள்விச் சொல்லுக்கு முன்னாலும் முன்னிடைச் சொல் வரும், இரண்டும் சேர்ந்து வாக்கியத்தின் தலைக்குப் போகும். "அ இனா க ஸயி கீஃபி?": மீனை எங்கே வாங்கினாய்? "டக இனா க ஃபித்தோ?": எங்கிருந்து வந்தாய்? "ட மே க யன்க்க நாமா?": எதனால் இறைச்சி வெட்டினாய்? எங்கே போகிறாய் என்பதற்கு மட்டும் "இனா ஃஸா க?" என்று வெறுமனே நிற்கும். மூன்றாம் படி இங்கேயும் பொருந்துகிறது.

"நான் இறைச்சி வெட்டிய கத்தி" என்ற தொடரில் நமக்கு "ஆல்" தேவையில்லை. ஹௌசாவுக்குத் தேவை: "வுக்கர் ட ந யன்க்க நாமா ட இத்த". முதல் "ட" பெயரெச்சத்தைத் தொடங்குகிறது. அது முன்னிடைச் சொல் அல்ல. கடைசி "ட இத்த" என்பது "அதனால்". நம்மவர்கள் அதை விட்டுவிடுகிறார்கள். விட்டால் கத்தி எதற்குப் பயன்பட்டது என்பது தொங்கலில் நிற்கும்.

13. பயிற்சி

ஒரு புத்தகத்தையும் மேசையையும் எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தை மேலே, கீழே, பின்னால், பக்கத்தில் வையுங்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு வாக்கியம் சொல்லுங்கள்: வைத்தேன் ("அ" உண்டு), இருக்கிறது ("அ" இல்லை). கை நகரும்போது வாய் பேசினால் இந்த வேறுபாடு விதியாக இல்லாமல் பழக்கமாகவே பதியும். தினம் பத்து நிமிடம், இரண்டு வாரம்.

அதன்பின் பிபிசி ஹௌசா வானொலிச் செய்தியை ஐந்து நிமிடம் கேட்டு "அ கன்", "கமெ ட", "டக" எத்தனை முறை வருகின்றன என்று கோடு போடுங்கள். பொருள் முழுதும் புரிய வேண்டாம். இந்தச் சின்னச் சொற்கள் வேகப் பேச்சில் அழுத்தமின்றிக் கரைந்துபோகும். அவற்றைக் காது பிடிக்கத் தொடங்கினால் நாக்கும் பின்தொடரும்.

கடைசியாக, கீழே உள்ளதைப் பார்க்காமல் ஹௌசாவில் சொல்லிப் பாருங்கள்: காலையில் சந்தைக்குப் போனேன். மூஸாவிடம் மீன் வாங்கினேன். அவனுக்குப் பணம் கொடுத்தேன். மீனைப் பைக்குள் வைத்தேன். சந்தையிலிருந்து வீட்டுக்குத் திரும்பினேன். மாலையில் லாடிக்குத் தண்ணீர் கொண்டுவந்தேன்.

விடை: ட ஸாஃபே ந ஜே காஸுவா. நா ஸயி கீஃபி அ வுரின் மூஸா. நா பா ஷி குடி. நா ஸா கீஃபி அ சிக்கின் ஜக்கா. நா டவோ கிடா டக காஸுவா. ட யம்மா ந காவோ வ லாடி ருவா.

முதல் வாக்கியத்தில் "அ காஸுவா" என்று வந்திருந்தால் மூன்றாம் படிக்குத் திரும்புங்கள். மூன்றாவதில் "மஸ" என்று வந்திருந்தால் ஏழாம் படியில் "பா" வினையைப் பற்றிய பத்தியை மறுபடி படியுங்கள். கடைசி வாக்கியத்தில் தண்ணீர் லாடிக்கு முன்னால் வந்திருந்தால், அதே படியில் "வ"வின் வரிசையைப் பற்றிய பத்தி.